ஒசாகாவில் தினசரி மதியச் சாப்பாடு: மைதோ ஓகினி ஷொகுதோ

ஒசாகாவுக்கு வருகிற நண்பர்கள் தகோயாகி எங்கே நன்றாக இருக்கும், ஒகொனோமியாகிக்கு எந்தக் கடை என்றுதான் கேட்பார்கள். இரண்டும் அருமையான பண்டங்கள். ஆனால் இங்கேயே வேலை பார்த்துக்கொண்டு திங்கள் முதல் வெள்ளி வரை மதியம் பசிக்கிறவனுக்கு வேண்டியது வேறு. சோறு, சூடாக ஒரு சூப், ஒரு துண்டு மீன், ஏதாவது கீரை. அதை எனக்கு மனம் நிறையக் கொடுப்பது மைதோ ஓகினி ஷொகுதோ என்கிற உணவகம்.

என் அலுவலகம் செம்பாவில் இருக்கிறது. துணி மொத்த வியாபாரத்துக்குப் பேர்போன பகுதி. கரூரிலிருந்து வரும் மேஜை விரிப்பு, திரைச்சீலைக் கணக்குகளைப் பார்ப்பது என் வேலை. பக்கத்திலேயே செம்பா சென்டர் பில்டிங். 1970இல் திறந்தது. மேலே விரைவுச்சாலை ஓட, அதன் அடியில் 10 கட்டடங்கள் ஒரே வரிசையாக ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு நீள்கின்றன. அதன் தரைக்கடியில் சாப்பாட்டுக் கடைகள் நிறைய. பன்னிரண்டு மணி ஆனதும் சுற்றுவட்டார அலுவலகங்கள் எல்லாம் அங்கே இறங்கிவிடும். அங்கே கிடைப்பது தெய்ஷொகு, அதாவது சோறு, மிசோ சூப், ஊறுகாய், ஒரு பெரிய பண்டம் எல்லாம் சேர்ந்த தட்டு. பொரித்த கோழி, பன்றி கட்லெட் என்று வயிறு நிறையும். ஆனால் காய்கறி பெரும்பாலும் பொடியாக நறுக்கிய முட்டைகோஸோடு முடிந்துவிடும். வாரம் முழுக்க அப்படிச் சாப்பிட என்னால் ஆகாது.

மைதோ ஓகினியில் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம். இது ஒசாகாவைத் தலைமையிடமாகக் கொண்ட தொடர் உணவகம். நாடு முழுவதும் கிளைகள் உண்டு. அந்தந்த வட்டாரத்தின் பெயரோடு 'ஷொகுதோ', அதாவது சாப்பாட்டுக் கடை, என்று சேர்த்துப் பலகை மாட்டியிருப்பதால், புதிதாகப் பார்ப்பவருக்குத் தெருமுனையில் யாரோ குடும்பமாக நடத்தும் கடை போலத்தான் தெரியும். உள்ளே போனதும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அலமாரி ஓரமாக நகர வேண்டும். சின்னச் சின்னக் கிண்ணங்களில் உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்து வேகவைத்த நிகுஜாகா, பசலைக்கீரை, கறுப்பாக மின்னும் ஹிஜிகி கடற்பாசி, குளிர்ந்த தோஃபு, உப்பு போட்டுச் சுட்ட கானாங்கெளுத்தி. பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். சோற்றின் அளவைச் சொன்னால் போட்டுத் தருவார்கள். கடைசியில் கல்லா. நம் ஊர் மெஸ்ஸில் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த இடம் முதல் நாளே பழகிவிடும்.

ஒரே ஒரு பண்டத்தைச் சொல் என்றால் தமகோயாகியைத்தான் சொல்வேன். இதை அலமாரியில் தேடக் கூடாது. கேட்டால் அப்போதுதான் போட்டுத் தருவார்கள். சதுரமான சட்டியில் அடித்த முட்டையை மெல்லியதாக ஊற்றி, வேகும்போதே சுருட்டி, திரும்பவும் ஊற்றிச் சுருட்டி, கனமான ஒரு கட்டியாக ஆக்குகிறார்கள். டோக்கியோவில் இதில் சர்க்கரை தூக்கலாக இருக்கும். ஒசாகா பக்கத்தில் தாஷியைத்தான் நம்புகிறார்கள். கொம்பு என்கிற கடற்பாசியையும் உலர்ந்த சூரை மீன் சீவலையும் ஊறவைத்து எடுக்கிற சாறு அது. அந்தக் கொம்பு எடோ காலத்தில், அதாவது 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில், வடக்கே ஹொக்கைதோவிலிருந்து கப்பல் கப்பலாக ஒசாகாவுக்கு வந்து இறங்கியது. இந்த ஊர்ச் சமையலே அதன் மேல் எழுந்ததுதான். சாறு நன்றாக அமைந்தால் மேலே சோயா சாஸ் ஊற்றவே தேவையில்லை. சுடச்சுட வரும் முட்டையைக் குச்சியால் பிளந்தால் உள்ளே ஈரம் கசியும். அதோடு ஒரு வாய் வெறும் சோறு. அன்றைய பாதிக் களைப்பு அங்கேயே போய்விடும்.

மீனில் கானாங்கெளுத்தியே என் தேர்வு. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் கொழுப்பு ஏறி இன்னும் ருசியாக இருக்கும். அலமாரியில் இருக்கும் பண்டங்கள் ஆறியிருந்தால் சூடுபடுத்திக்கொள்ளலாம். ஆனால் பொரித்தவற்றைச் சூடுபடுத்தினால் மொறுமொறுப்பு போய்விடும் என்பதால் நான் வேகவைத்ததையும் சுட்டதையும்தான் எடுப்பேன்.

விலை தட்டுக்கு ஏற்றபடி. சோறு, மிசோ சூப், மீன், ஒரு கீரை, முட்டை என்று எடுத்தால் எனக்கு ஆயிரம் யென்னை ஒட்டி வருகிறது. முட்டையை விட்டால் நன்றாகக் குறையும். கண்ணில் பட்ட கிண்ணத்தையெல்லாம் எடுத்தால் கணக்கு வேறு மாதிரி ஆகும். டிப்ஸ் கிடையாது. இன்னொன்று, 2019 அக்டோபரிலிருந்து உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் 10 சதவீத வரி, பொட்டலமாக வாங்கிப் போனால் 8 சதவீதம். இரண்டு சதவீதத்துக்காக அந்தச் சூட்டை இழப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பன்னிரண்டு முதல் ஒன்று வரை கூட்டம் நெருக்கும். பதினொன்றரைக்கே போய்விடுவது நல்லது.

சைவம் சாப்பிடும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. காய்கறியாகத் தெரிவதெல்லாம் இங்கே சைவம் இல்லை. மிசோ சூப்பிலும் ஹிஜிகியிலும் மீன் சாறு இருக்கும். கீரையின் மேல் சூரை மீன் சீவல் தூவியிருக்கும். உருளைக்கிழங்கை மசித்துப் பொரிக்கும் கொரொக்கேயில் பெரும்பாலும் கொத்துக்கறி, உருளைக்கிழங்கு சாலட்டில் பல இடங்களில் ஹாம். நாத்தோ வெறும் புளிக்கவைத்த சோயாதான், ஆனால் கூடவே வருகிற சாஸ் பொட்டலத்தில் வழக்கமாக மீன் சாறு இருக்கும், அதைப் பிரிக்காமல் சோயா சாஸ் விட்டுக்கொள்ளலாம். சீவல் இல்லாத குளிர்ந்த தோஃபு, வெறும் சோறு, நாத்தோ. இவ்வளவுதான் பயமில்லாமல் எடுக்க முடியும், கண்டிப்பான சைவக்காரருக்கு இந்தக் கடையை நான் பரிந்துரைக்க மாட்டேன். முட்டையும் மீனும் சாப்பிடுகிறவர்கள், ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே ஒரு மதியம் போய்ப் பாருங்கள். தட்டை எடுத்த கையோடு முட்டைக்குச் சொல்லிவிடுங்கள், அது வேக நேரமாகும்.