ஃபிரிட்ஜா, விளக்கா, பெட்டியா: குளிர்நாட்டு ஆமைக்கு எது தோது?

குளிர் நாடுகளில் தரை ஆமை வளர்ப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறார்கள். நவம்பர் வந்தால் ஆமையைத் தூங்க வைத்துவிட வேண்டும் என்பது ஒரு கட்சி. தூங்கவே விடாமல் வீட்டுக்குள் விளக்கைப் போட்டுக் காப்பாற்ற வேண்டும் என்பது மறு கட்சி. தூங்க வைப்பவர்களுக்குள்ளும் ஃபிரிட்ஜ்காரர்கள், பெட்டிக்காரர்கள் என்று உட்பிரிவு உண்டு.

காரைக்குடியில் ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிற எனக்கு இந்தச் சண்டையில் என்ன வேலை என்று கேட்கலாம். கானாடுகாத்தானில் என் பழைய வாடிக்கையாளரான ஓர் ஆச்சியின் பேரன் மான்செஸ்டரில் இருக்கிறான். அவன் ஃபிரிட்ஜ் கட்சி. பேத்தி டொராண்டோவில் விளக்குக் கட்சி. இரண்டு பேருக்கும் வாட்ஸ்அப்பில் தகராறு முற்றி, "ஃபிரிட்ஜைப் பற்றி உனக்குத்தானே தெரியும் தம்பி, நீயே சொல்" என்று ஆச்சி என்னிடம் தள்ளிவிட்டார்கள். ஆச்சியின் நிலைப்பாடு தனி. "ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். இவன் அதை ஃபிரிட்ஜுக்குள் வேறு புக விட்டிருக்கிறானே!"

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஆமைக்குச் சொந்தச் சூடு கிடையாது. சுற்றுப்புறம் எத்தனை டிகிரியோ, அதன் உடம்பும் ஏறத்தாழ அத்தனை டிகிரி. நன்றாகச் சூடேறினால் தின்னும், செரிக்கும். 5 டிகிரி அளவுக்கு இறங்கினால் இதயம் மெல்லத் துடிக்க, உடம்பில் சேர்த்த கொழுப்பைத் துளித்துளியாகச் செலவழித்துத் தூங்கும். இந்த இரண்டுமே ஆமைக்குச் சம்மதம். ஆபத்து நடுவில்தான் இருக்கிறது. 12, 15 டிகிரியில் பசி இருக்காது, தூக்கமும் இருக்காது. வயிற்றில் கிடப்பது செரிக்காமல் அழுகும், சேமிப்பு மட்டும் வேகமாகக் கரையும். குளிர் நாட்டில் ஆமை பெரும்பாலும் கடுங்குளிரால் சாவதில்லை, இந்த அரைகுறைக் குளிரால்தான் சாகிறது. எந்த முறையை எடுத்தாலும் நான் கேட்பது ஒரே கேள்வி: அந்த அரைகுறை நிலையில் ஆமையை எத்தனை நாள் விடுகிறது?

நம் ஊர்க்காரர்களுக்கு ஆமைத் தூக்கம் அந்நியமல்ல. பங்குனி, சித்திரையில் ஊருணி வற்றும்போது பாலாமை சேற்றுக்குள் புதைந்து கிடந்து மழைக்குக் காத்திருக்கும். அது கோடைத் துயில், அங்கே குளிர்த் துயில். காரைக்குடியில் மார்கழியிலும் அந்த அளவுக்குக் குளிராது என்பதால் குளிர்த் துயிலை நாம் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

சரி, பெட்டி. பழைய முறை. ஆமையைச் சிறிய பெட்டியில் வைத்து, அதைப் பெரிய பெட்டிக்குள் வைத்து, இடைவெளியில் கிழித்த காகிதமோ தெர்மோகோலோ அடைத்து, சூடேற்றாத ஷெட்டிலோ கார் ஷெட்டிலோ வசந்தம் வரை விட்டுவிடுவது. பிரிட்டனில் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் செய்தார்கள். அதற்கு முன்னால் பெட்டிகூட இல்லை. கில்பர்ட் வைட் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1780இல் தம் அத்தையிடமிருந்து வந்த திமோதி என்ற ஆமையைத் தோட்டத்திலேயே விட்டிருந்தார். குளிர் வந்தால் அது தானே மண்ணைத் தோண்டிப் புதைந்துகொள்ளும், வெயில் வந்தால் எழுந்து வரும். அவர் காலத்துக்குப் பிறகும் கொஞ்ச நாள் இருந்தது. செத்த பிறகுதான் அது பெண் ஆமை என்று தெரிந்ததாம். பெட்டிக்காரர்கள் எப்போதும் இந்த மாதிரிக் கதைகளைத்தான் எடுத்து வீசுவார்கள். பிழைத்த ஆமைக்குக் கதை உண்டு; மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து கூடை கூடையாக பிரிட்டனுக்குள் இறக்கப்பட்டு முதல் குளிர்காலத்திலேயே செத்தவற்றுக்கு ஏது கதை? அந்த வியாபாரம் 1984இல்தான் தடை செய்யப்பட்டது.

பெட்டியின் கோளாறு, அதற்குத் தன் இஷ்டம் என்று ஒன்று கிடையாது என்பதுதான். வெளியே என்னவோ அதுதான் உள்ளே, சற்றுத் தாமதமாக. மான்செஸ்டரில் ஒரு வாரம் 12 டிகிரி, அடுத்த வாரம் பூஜ்யத்துக்குக் கீழே. முன்னதில் ஆமை அரைத் தூக்கத்தில் புரளும்; பின்னதில் உறைபனி கண்ணைத் தாக்கும். குளிர்கால உறக்கம் முடிந்து குருடாக எழுந்து வந்த ஆமைகளைப் பற்றி அங்குள்ள கால்நடை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். டொராண்டோவில் பேச்சே வேண்டாம். அங்கே ஷெட் என்பது ஃபிரீசர். எலி கடிப்பது வேறு. பெட்டியை நான் தள்ளுபடி செய்கிறேன்.

இனி ஃபிரிட்ஜ். கேட்டதும் நம் ஆட்களுக்குச் சிரிப்பு வரும், ஆச்சிக்கு அருவருப்பு வரும். யோசித்துப் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. தூங்கும் ஆமைக்கு வேண்டியது 5 டிகிரியை ஒட்டிய வெப்பநிலை. கத்தரிக்காய்க்கும் பாலுக்கும் நாம் வைப்பதும் அதே 5 டிகிரி.

ஆனால் வாங்கி வந்து பிளக்கைச் செருகிவிட்டால் ஆயிற்று என்று நினைத்தால் தப்பு. நான் பேரனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். சாதாரண ஃபிரிட்ஜில் உள்ள தெர்மோஸ்டாட் பெரும்பாலும் குளிர்த் தகட்டின் குளிரைத்தான் அளக்கிறது, உள்ளே இருக்கும் காற்றை அளப்பதில்லை. அதனால் கம்ப்ரஸர் ஓடி நிற்கும் ஒவ்வொரு சுற்றிலும் காற்றின் வெப்பம் ஏறி இறங்கும். பாலுக்கு அது பொருட்டில்லை. ஆமைக்குப் பொருட்டு. இதற்குச் சுலபமான வைத்தியம் தண்ணீர் பாட்டில்கள். காலி இடமெல்லாம் நீர் நிரப்பிய பாட்டில்களை அடுக்கினால் ஏற்ற இறக்கம் மட்டுப்படும், கரண்ட் போனாலும் சில மணி நேரம் தாங்கும். ஃபிரீசர் அறை இல்லாத சிங்கிள் டோர் நல்லது. ஃபிரீசர் உள்ளதில் அதை ஒட்டிய தட்டு பூஜ்யத்தைத் தொட்டுவிடும். பின்சுவரில் பனி பூப்பதைப் பார்த்திருப்பீர்கள், ஆமைப் பெட்டி அந்தச் சுவரைத் தொடவே கூடாது. ஃபிராஸ்ட் ஃப்ரீ மாடலில் விசிறி இருப்பதால் குளிர் சமமாகப் பரவும், ஆனால் காற்றை உலர்த்திவிடும். மாதக்கணக்கில் தண்ணீர் குடிக்காத பிராணிக்கு அது ஆகாது. வெளியே மாட்டும் டிஜிட்டல் கன்ட்ரோலர் ஒன்றை வாங்கி, அதன் சென்சாரைப் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் தெர்மோஸ்டாட் தொல்லையே தீர்ந்தது.

பேரன் அந்த ஃபிரிட்ஜைக் கார் ஷெட்டில் வைக்கலாமா என்று கேட்டான். கூடவே கூடாது என்றேன். வீட்டு ஃபிரிட்ஜ்கள் எந்த அறை வெப்பத்தில் ஓட வேண்டும் என்று வகை பிரித்துத்தான் தயாரிக்கிறார்கள். நம் ஊரில் விற்கும் வெப்பமண்டல வகை 16 முதல் 43 டிகிரி வரை தாங்கும். குளிர் நாட்டு வகையே 10 டிகிரிக்குக் கீழே உத்தரவாதம் தராது. காரணம் எளிது: ஃபிரிட்ஜுக்குக் குளிரவைக்கத் தெரியும், சூடாக்கத் தெரியாது. ஷெட் மைனஸ் 3 டிகிரியானால் உள்ளே இருப்பதும் மெல்ல மைனஸை நோக்கிப் போகும், கம்ப்ரஸர் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். ஹீட்டர் உள்ள வீட்டுக்குள் வைத்தால்தான் அது ஃபிரிட்ஜ்.

ஆமை பக்கத்து வேலைகளும் கொஞ்சம் இருக்கின்றன. கோடை முடிவில் மருத்துவரிடம் காட்டி, ஆரோக்கியமாக இருந்தால் மட்டுமே தூங்க வைக்க வேண்டும். நோயாளியும் மெலிந்ததும் அந்த ஆண்டு விழித்தே இருக்கட்டும். தூங்குமுன் இரண்டு மூன்று வாரம் தீனியை நிறுத்தி, வெதுவெதுப்பான நீரில் தினமும் உட்கார வைத்துக் குடலைக் காலி செய்து, பிறகு படிப்படியாகக் குளிருக்குள் இறக்க வேண்டும். துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டியில் லேசாக ஈரமான மண்ணைப் போட்டால் தானே புதைந்துகொள்ளும். ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது கதவை இரண்டு தரம் வீசித் திறந்து மூடினால் புதுக் காற்று உள்ளே போய்விடும். வாரம் ஒரு தரம் எடை. 1,000 கிராம் ஆமை 900 கிராமுக்கு வருவது எல்லைக்கோடு; அதற்கு வெகு முன்பே எழுப்பிவிடுவது புத்திசாலித்தனம். தூக்கத்தில் சிறுநீர் கழித்துவிட்டால் உடம்பின் நீர்ச் சேமிப்பே போய்விட்டது என்று பொருள், அன்றைக்கே எழுப்ப வேண்டும். வளர்ந்த ஆமைக்கு இரண்டரை, மூன்று மாதம் போதும். குட்டிக்குச் சில வாரங்கள். முக்கியமாக, சாப்பாட்டு ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். ஆமை சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடியது. ஆச்சியின் அருவருப்பில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

விளக்கு முறைக்கு வருவோம். கேட்கச் சுலபம், நடத்தக் கஷ்டம். ஒரு பெரிய திறந்த மேசைத் தொட்டி. ஒரு கோடியில் 32 முதல் 35 டிகிரிச் சூடு தரும் விளக்கு, மறு கோடியில் அறைச் சூடு. அதோடு புற ஊதா பி கதிர் தரும் தனி விளக்கு. அந்தக் கதிர் இல்லாமல் ஆமையின் உடம்பில் வைட்டமின் டி3 ஊறாது, டி3 இல்லாமல் சுண்ணாம்புச் சத்து சேராது, ஓடு மெத்தென்று ஆகிவிடும். ஜன்னலோரம் வெயில் காட்டினேன் என்பதெல்லாம் கணக்கில் சேராது, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும், உள்ளே கதிர் தீர்ந்து போயிருக்கும். ஆகவே தயாரிப்பாளர் சொன்ன கெடுவுக்கு மாற்றியாக வேண்டும்.

இதில் பலர் கோட்டைவிடுவது பகல் வெளிச்சத்தை. காரைக்குடியில் மிகக் குறுகிய பகல் என்பதே பதினொன்றரை மணி நேரம். மான்செஸ்டரில் டிசம்பர்ப் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. சூடு போதுமான அளவு இருந்தாலும் வெளிச்சம் குறைந்தால் ஆமை மந்தமாகித் தீனியை விட்டுவிடும். பன்னிரண்டு மணி நேரமாவது விளக்கு எரிய வேண்டும். 100 வாட் சூட்டு விளக்கு பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் 1.2 யூனிட்; இரவு ஹீட்டர் தனி. சிறிய ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு அரை யூனிட்டுக்கும் குறைவு. விளக்கு விஷயத்தில் கஞ்சத்தனம் பார்த்து, "கொஞ்சம் சூடு போதும்" என்று 18 டிகிரியில் நிறுத்தினால் பழையபடி அரைகுறைக் குளிர்தான். செய்தால் முழுதாகச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இந்த முறையைத் தொடக் கூடாது.

சூடேற்றிய கண்ணாடி வீட்டில் தோட்டத்திலேயே வைப்பது நான்காவது வழி. ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் அருமை. ஜனவரிக்கு அது மட்டும் போதாது.

இத்தனையும் விசாரித்த பிறகுதான் எனக்குத் தோன்றியது, இரண்டு பேரும் வைத்திருப்பது என்ன ஆமை என்று யாருமே கேட்கவில்லையே என்று. வீடியோவில் காட்டச் சொன்னேன். பேரனுடையது தென் ஐரோப்பாவைச் சேர்ந்த ஹெர்மன் ஆமை. சான்றிதழும் மைக்ரோசிப்பும் பார்த்து வாங்கியிருக்கிறான். தலைமுறை தலைமுறையாகக் குளிரில் தூங்கிப் பழகிய இனம். பேத்தியுடையது ஆப்பிரிக்கப் புல்வெளிச் சிறுத்தை ஆமை. அதற்குக் குளிர்த் துயிலே தெரியாது. ஃபிரிட்ஜில் வைத்தால் செத்துப்போகும். இரண்டு பேர் சொன்னதும் சரி. இத்தனை மாதம் சண்டை போட்டது வேறு வேறு மிருகத்தைப் பற்றி!

ஆகவே இனிமேல் வாங்கப் போகிறவர்கள் முறையை ஒப்பிடுமுன் இனத்தை ஒப்பிடுங்கள். என் ஓட்டு மத்திய ஆசியாவின் ஹார்ஸ்ஃபீல்டு ஆமைக்கு. கஜகஸ்தான் பக்கத்து வறண்ட புல்வெளியில் ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள்ளேயே கழிக்கும் கெட்டி உடம்பு. 20 சென்டிமீட்டருக்குமேல் வளர்வது அரிது. 1968 செப்டம்பரில் சோவியத்தின் ஸோண்ட் 5 விண்கலத்தில் நிலவைச் சுற்றிவிட்டு இந்தியப் பெருங்கடலில் உயிரோடு வந்து இறங்கிய இரண்டு ஆமைகள் இந்த வகைதான். எதிர்முனையில் சுல்காட்டா: கடையில் உள்ளங்கை அளவு, வளர்ந்தால் 50 கிலோ. குளிர்த் துயிலும் கிடையாது. டொராண்டோ அடுக்குமாடி வீட்டில் அதை என்ன செய்வீர்கள்?

ஊரிலிருந்து ஒரு நட்சத்திர ஆமையைக் கொண்டுபோகலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்தில் அது முதல் அட்டவணைக்குப் போய்விட்டது. 2019 முதல் உலக வணிகத் தடைப் பட்டியலிலும் உச்சத்தில் இருக்கிறது. காரைக்குடியில் வீட்டில் வைத்திருந்தாலே குற்றம், பெட்டியில் வைத்து விமானம் ஏறினால் சிறை. அதுவும் தூங்காத இனம் என்பதால், அங்கே போனாலும் ஆயுள் முழுக்க விளக்கடியில்தான்.

கடைசியாக, எந்த ஒப்பீட்டிலும் யாரும் சேர்க்காத ஒரு கணக்கு. நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள் ஊருக்கு வருவது பெரும்பாலும் மார்கழியில், பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்ள. அங்கே கடுங்குளிர் காலம் அது. ஃபிரிட்ஜில் தூங்கும் ஆமைக்குத் தீனி வேண்டாம், குளியல் வேண்டாம். விவரம் தெரிந்த அண்டை வீட்டுக்காரர் ஒருவர் கதவைத் திறந்து மூடி, டிகிரியைப் பார்த்து, வாரம் ஒரு தரம் எடை போட்டால் போதும். விளக்கடி ஆமைக்குத் தினமும் கீரை, தண்ணீர், சுத்தம். காவலுக்கு ஆள் வைத்தே ஆக வேண்டும். பேரன் இந்த ஆண்டு வருகிறான். பேத்தி ஆடியில்தான் வர முடியும் என்கிறாள். ஆச்சிக்கு அதில் பெரிய வருத்தம். சிறுத்தை ஆமை அறுபது எழுபது ஆண்டு இருக்கக்கூடும் என்பதை அவர்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை.