ஏஜென்டைச் சந்திக்கக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்

“உங்கள் நாவலை லண்டன் ஏஜென்டிடம் சேர்த்துவிடுகிறோம்” என்று சொல்லிச் சென்னையில் எழுத்தாளர்களிடம் பணம் பறிக்கிறார்கள். ஏஜென்ட் என்பவர் எழுத்தாளரின் சார்பில் பதிப்பகங்களிடம் பேசிப் புத்தகத்தை விற்றுக்கொடுப்பவர். பெரம்பூரைச் சேர்ந்த ஒரு நாவலாசிரியர் 4 தவணைகளில் 61,000 ரூபாய் இழந்திருக்கிறார். பதிவுக் கட்டணம் 3,500. கைப்பிரதியை வாசித்து அறிக்கை தர 12,000. மாதிரி மொழிபெயர்ப்புக்கு 27,000. ஏஜென்டுடன் 15 நிமிட வீடியோ சந்திப்புக்கு 18,500.

வாசிப்பு அறிக்கை ஒன்றரைப் பக்கம். ஒரு கதாபாத்திரத்தின் பெயர்கூட அதில் இல்லை. எந்த நாவலுக்கும் அப்படியே பொருந்தும். மொழிபெயர்ப்பு மென்பொருள் கக்கியது: ‘வயிற்றில் புளியைக் கரைத்தது’ என்ற வரி, யாரோ நிஜமாகவே புளி கரைத்ததாக ஆங்கிலத்தில் வந்திருந்தது. சந்திப்பில் ஏஜென்ட் சொன்னது, “அனுப்புங்கள், பார்க்கிறேன்.” அதே ஏஜென்சியின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக அனுப்பலாம் என்று போட்டிருக்கிறது.

ஏஜென்டுக்குச் சம்பளம் புத்தகம் விற்றால்தான். உள்நாட்டு விற்பனையில் வழக்கமாக 15 சதவீதம், வெளிநாட்டு, மொழிபெயர்ப்பு உரிமைகளில் 20 சதவீதம். பதிப்பகம் 1,00,000 ரூபாய் முன்பணம் கொடுத்தால் ஏஜென்ட் 15,000 பிடித்துக்கொண்டு 85,000 அனுப்புவார். முன்கூட்டியே கட்டணம் வாங்குபவருக்கு உங்கள் நாவல் விற்க வேண்டிய அவசியமே இல்லை. அடுத்த எழுத்தாளர் கிடைத்தால் போதும். தொகையைச் சின்னச் சின்னதாகக் கேட்பதும் அதனால்தான்: 12,000 கொடுத்தவர், அது வீணாகிவிடக் கூடாதே என்று 27,000 கொடுப்பார்.

காசு கொடுத்து எடிட்டிங் செய்துகொள்வது வேறு விஷயம். நல்ல எடிட்டருக்குக் கொடுக்கும் பணம் வீணில்லை. ஆனால் எடிட்டிங் செய்பவரே “முடித்ததும் ஏஜென்ட் உறுதி” என்றால் விலகிவிடுங்கள். மேலைநாட்டு எழுத்தாளர் மாநாடுகளில் ஏஜென்டுடன் 10 நிமிடத்துக்குக் கட்டணம் வாங்குவது உண்டு, அது சட்டப்படியானதுதான். என்றாலும் நம் ஊரிலிருந்து அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. அங்கும் கிடைக்கும் பதில் ‘அனுப்புங்கள்’ என்பதே.

ஏஜென்டிடம் போக இலவச வழி இதுதான்: ஒரு பக்கக் கடிதம், ஆங்கிலத்தில் சுமார் 300 சொல். ஓரிரு பக்கக் கதைச்சுருக்கம், முடிவையும் சொல்லியே ஆக வேண்டும். பெரும்பாலும் முதல் 3 அத்தியாயங்கள் அல்லது 50 பக்கம். ஏஜென்சி தன் தளத்தில் கேட்டிருப்பது எதுவோ அதை மட்டும். ஆளைச் சரிபார்க்க, அவர் விற்றதாகச் சொல்லும் புத்தகத்தின் நன்றியுரைப் பக்கத்தைப் புரட்டுங்கள். எழுத்தாளர்கள் அங்கே ஏஜென்டின் பெயரைச் சொல்வது வழக்கம். நிஜ ஏஜென்டின் பெயரில் போலி மெயில் போடுகிறவர்களும் இருப்பதால், மெயில் முகவரி ஏஜென்சியின் தளத்தோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா பாருங்கள். எழுத்தாளர்களைக் குறிவைக்கும் மோசடிகளை அம்பலப்படுத்தும், 1998 முதல் இயங்கும் ‘ரைட்டர் பிவேர்’ தளத்திலும் தேடலாம்.

தமிழில் வெளியிட ஏஜென்டே தேவையில்லை. பதிப்பாளர்களே நேரடியாகப் படிக்கிறார்கள். ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி நடக்கும்போது கூட்டத்துக்கு நடுவே ஸ்டாலில் கைப்பிரதியைத் திணிக்காதீர்கள். யாருக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, காட்சி முடிந்து இரண்டு வாரம் கழித்து அனுப்புங்கள். மொழிபெயர்ப்பு உரிமைப் பரிமாற்றத்துக்கென்றே 2023 முதல் தமிழ்நாடு அரசு சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சியை நடத்துகிறது. புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். இந்தியாவில் இலவசம். காப்புரிமைப் (காப்பிரைட்) பதிவு கட்டாயமில்லை; செய்தாலும் இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான். இவற்றுக்கு ஆயிரக்கணக்கில் கேட்டால் அதுவும் ஏமாற்றே.

ஒப்பந்தத்தில் ‘உரிமை மாற்றம்’, அதாவது காப்புரிமையையே அவர்களுக்கு எழுதிக்கொடுப்பது, என்று எங்காவது இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஏஜென்டுக்குத் தேவை உங்கள் சார்பில் பேசும் அதிகாரம் மட்டுமே. ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? 1957 காப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவைப் படியுங்கள். காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் 5 ஆண்டுதான் செல்லும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்.

பணம் போயிருந்தால், ஆன்லைன் மோசடி என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். தாமதித்தால் பணத்தை முடக்குவது கடினம். சேவைக் குறைபாட்டுக்கு 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். யு.பி.ஐ. ரசீது, வாட்ஸாப் உரையாடல், அவர்கள் கொடுத்த அறிக்கை எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து வையுங்கள். கோபத்தில் அந்த எண்ணை பிளாக் செய்து உரையாடலை அழித்துவிடாதீர்கள்.