சங்கு, சிப்பி பதிவுக்கு ஐநேச்சுரலிஸ்ட் செயலி: எங்கள் மதிப்பீடு

மண்டபம், ராமேஸ்வரம், தூத்துக்குடி கரைகளில் சங்கு, சிப்பிகளைப் படம் எடுக்கும் ஆர்வலர்களுக்கு, அந்தப் படங்களை ஆய்வாளர்களுக்கு உதவும் தரவாக மாற்ற நல்ல வழி ஐநேச்சுரலிஸ்ட். இலவசம். சிக்னல் இல்லாத இடத்தில் பதிந்து வைத்து, பிறகு ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் செயலி தானாகச் சொல்லும் இனப்பெயரைச் சங்கு விஷயத்தில் அப்படியே நம்ப முடியாது.

சங்குக்கு மூன்று படம் வேண்டும்: வாய்ப்பக்கம், முதுகு, உச்சிச் சுருள். வெற்றுச் சிப்பியில் உட்புறமும், இரு ஓடும் பொருந்தும் கீல் பகுதியும் தெளிவாகத் தெரியவேண்டும். பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் வைத்தால் அளவு கிடைத்துவிடும். அதன் விட்டம் 27 மி.மீ. ஐவிரல் சங்கில் விரல்கள் உதட்டோரமாக ஒரே பக்கம் நீளும். 2001-இல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் சேர்ந்த லாம்பிஸ் கைராக்ரா என்ற விரல் சங்கிலோ அவை இருபுறமும் வளைந்து நிற்கும். விரல் நுனி விடுபட்ட படத்தை வைத்து யாராலும் முடிவு சொல்ல முடியாது. குஞ்சுச் சங்கில் விரலே இருக்காது, இனப்பெயர் வரை போகாமல் பேரினத்தோடு நிறுத்துங்கள். ஒட்டியிருக்கும் பாறைக்கேற்ப உருமாறும் ஆளிச் சிப்பிகளுக்கும் இதுவே சரி. கூம்புச் சங்கை மட்டும் கையில் எடுக்கவே கூடாது. அதன் விஷம் ஆளைக் கொல்லும்.

தரவு கெடுவது பெரும்பாலும் வெற்று ஓட்டில்தான். அலை ஒதுக்கிய ஓடு, அந்த உயிர் அங்கே வாழ்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. 'இறந்தது' என்று குறிக்காவிட்டால், அழிந்துபோன மட்டிப் படுகைகூட வரைபடத்தில் உயிரோடு இருப்பதுபோல் தெரியும். கடையில் பார்த்த சங்கை 'இயற்கையில் கண்டதல்ல' என்று குறியுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் தேதியும் இடமும் அழிந்திருக்கும். மூலப் படத்தையே ஏற்றுங்கள்.

எங்களுக்குப் பெரிய குறை, இட மறைப்பு. அருகிய இனம் என்று செயலியில் குறிக்கப்பட்டவற்றின் இடம் தானாக மறையும். பல சங்கினங்கள் அருகியவையா என்று இன்னும் மதிப்பிடப்படாததால் அவற்றின் இடம் அப்படியே வெளியே தெரியும். சங்கு எடுப்பவர்களுக்கு அது வழிகாட்டியாகிவிடும். நீங்களே 'மறைக்கப்பட்டது' என்று மாற்றவேண்டும். குறிப்பில் ஊர்ப்பெயர் எழுதினால் மறைத்ததும் வீண். மறைத்த இடம் ஏறத்தாழ 22 கி.மீ. சதுரமாகத் தெரியும். மண்டபத்தில் அந்தச் சதுரத்துக்குள் பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா இரண்டும் அடங்கிவிடுவதால், எந்தக் கடல் என்பதை மட்டும் குறிப்பில் எழுதுங்கள்.

உங்கள் பதிவைப் பார்த்து இனம் சொல்லும் மற்ற பயனர்கள் உட்பட, மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் இனப்பெயரை ஒத்துக்கொண்டால் பதிவு ஆய்வுத் தரம் பெற்று, ஜிபிஃப் என்ற உலகப் பல்லுயிர்த் தரவகத்துக்குப் போகும். 'அனைத்து உரிமையும் எனக்கே' என்று பதிவுக்கு உரிமம் வைத்திருந்தால் போகாது. கணக்கு தொடங்கும்போதே அந்த உரிம அமைப்பை (செட்டிங்) பார்த்துவிடுங்கள்.

ஐந்துக்கு நான்கு. இட மறைப்புக்காக ஒன்றைக் குறைத்திருக்கிறோம்.