நான்கு வருட ஜெல் சிமுலேஷன்: எது கைகொடுத்தது, எது கொடுக்கவில்லை

வெப்பத்துக்குச் சுருங்கும் ஹைட்ரஜெல்லை, அதாவது தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும் பாலிமர் வலையை, கம்ப்யூட்டரில் மாடல் செய்ய ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. என்னுடையது பினிபாம் (PNIPAM) என்ற பாலிமரில் செய்த ஜெல். சுமார் 32 டிகிரி வரை தண்ணீரைக் குடித்து உப்பிக் கிடக்கும், அதைத் தாண்டினால் குடித்ததைக் கக்கிவிட்டுச் சுருங்கும். ஓட்டுவது ஃபீனிக்ஸ் (FEniCS) என்ற இலவச, திறந்த மூல மென்பொருளில். காகிதத்தில் எழுதும் சமன்பாட்டை ஏறக்குறைய அப்படியே பைத்தானில் எழுதிவிடலாம், அதற்காகவே இதை விட மனசில்லை.

முதல் மூன்று மாதம் ஒன்றுமே ஓடவில்லை. ஜெல் எவ்வளவு ஊறும் என்று சொல்லும் ஃப்ளோரி-ரெனர் கோட்பாட்டில், காய்ந்த ஜெல்லிலிருந்து கணக்கைத் தொடங்கினால் தண்ணீரின் வேதி அழுத்தம் (chemical potential) மைனஸ் முடிவிலிக்குப் போய்விடும், விடையைப் படிப்படியாகத் திருத்தித் தேடும் நியூட்டன் சுற்று முதல் படியிலேயே விழுந்துவிடும். 2009-ல் ஹாங், லியூ, சூ மூவரும் எழுதிய கட்டுரையைப் படித்த பிறகுதான் வழி தெரிந்தது. ஏற்கெனவே கொஞ்சம் ஊறி, எல்லாப் பக்கமும் சமமாக விரிந்த ஜெல்லிலிருந்து தொடங்க வேண்டும். அவ்வளவுதான், ஓடியது.

சமநிலை வீக்கத்தை மாடல் நன்றாகவே சொல்கிறது. ஆனால் 32 டிகிரியை நெருங்க நெருங்க, பாலிமரும் தண்ணீரும் எவ்வளவு ஒத்துப்போகும் என்று சொல்லும் ஃப்ளோரி-ஹக்கின்ஸ் எண்ணில் துளி மாறினாலும் கன அளவு எங்கேயோ போய்விடும். அந்த எண் வெப்பநிலையோடு மட்டும் மாறுவதில்லை, பாலிமர் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதோடும் மாறும். மெஷ்ஷை (கணக்குக்காக ஜெல்லைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் வலையை) நுணுக்கி நுணுக்கி நான் வீணாக்கிய வாரங்களில், சொந்த ஜெல்லை நாலைந்து வெப்பநிலையில் ஊறவைத்து எடை போட்டு அந்த எண்ணைப் பொருத்தியிருக்கலாம். புதிதாக வருகிறவர்கள் தயவுசெய்து இதை முதலில் செய்யுங்கள்.

அப்புறம் நேரம். டனாக்காவும் ஃபில்மோரும் 1979-லேயே காட்டியதுதான், ஊறும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு மில்லிமீட்டர் ஜெல்லுக்கு மணிக்கணக்கு என்றால், அதில் பத்தில் ஒரு பங்கு தடிமனுக்கு நூறில் ஒரு பங்கு நேரம் போதும். மாடல் ஊறுவதைச் சரியாகப் பிடித்தது, சுருங்குவதை விட்டுவிட்டது. சட்டென்று சூடாக்கினால் நிஜ ஜெல்லின் மேற்பரப்பு முதலில் சுருங்கித் தோல் மாதிரி இறுகிவிடும், உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் வெளியே வர வழியின்றி ஜெல்லில் கொப்புளம்கூடக் கிளம்பும். என் கணக்கிலோ ஜெல் சமர்த்தாகச் சுருங்கியது. நீர் பரவும் வேகத்தை நான் மாறிலியாக வைத்திருந்ததுதான் தப்பு. பாலிமர் அடர்த்தி கூடக் கூட அது குறையும்படி எழுதியதும் திரையில் அந்தத் தோல் தெரிந்தது, அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இப்போது பிஎச் மாறினால் வீங்கும் பாலி அக்ரிலிக் அமில ஜெல்லில் கை வைத்திருக்கிறேன். அயனிகளின் செறிவும் மின்னழுத்தமும் கூடவே வந்து சேர்ந்ததால், முன்பு நிமிடங்களில் முடிந்த கணக்கு இப்போது ராத்திரி முழுக்க ஓடுகிறது, காலையில் வந்து பார்த்தால் பாதியில் நின்றிருக்கிறது. காலப்படியைக் குறைத்து மறுபடி ஓடவிட்டிருக்கிறேன்.