ஐ.வி.எஃப். ஊசிகளை இணையத்தில் மொத்தமாக வாங்கவிருப்பவர்கள் கவனத்துக்கு

உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் ஐ.வி.எஃப். எனும் கருத்தரிப்புச் சிகிச்சைக்கான மருந்துகளை வீட்டுக்கே அனுப்புவதாகச் சொல்லும் ஓர் இணைய மருந்துக் கடையில், நானும் என் கணவரும் சேர்த்து வைத்திருந்த மூன்று மாதச் சம்பளத்தைப் பறிகொடுத்திருக்கிறோம். வேறு யாரும் இப்படி ஏமாறக் கூடாது என்பதால், கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். இரத்தப் பரிசோதனை, சினைப்பை ஸ்கேன், கணவரின் விந்துப் பரிசோதனை, இருவருக்கும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பரிசோதனைகள் என எல்லாம் முடிந்து, ஊசிகள் மட்டுமே மீதமிருந்தன. கருமுட்டைகளை வளர்க்கும் எஃப்.எஸ்.எச். ஊசியை மாதவிடாயின் 2ஆம் அல்லது 3ஆம் நாளில் தொடங்கும்படி மருத்துவர் சொல்லியிருந்ததால், மருந்து முன்னதாகவே கையில் இருக்க வேண்டியிருந்தது.

அந்தக் கடையிலிருந்து பேசிய பெண், 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் குளிர்பெட்டியில் மருந்து வரும் என்றும், வழிநெடுக இருந்த வெப்பநிலையைக் காட்டும் கருவியும் உள்ளே இருக்கும் என்றும் உறுதி கூறினார். "என் அக்காவும் இதே ஊசி போட்டுத்தாம்மா குழந்தை பெற்றார்" என்று அவர் சொன்னபோது என் கண்கள் கலங்கின. முழுத் தொகையையும், அதாவது மூன்று மாதச் சம்பளத்தையும், அப்போதே செலுத்தினோம்.

வந்த பெட்டி தொட்டால் சுட்டது. பனிக்கட்டிப் பைகள் உருகி வெதுவெதுப்பாகியிருந்தன. வெப்பநிலைக் கருவி இல்லவே இல்லை. உடனே அழைத்தபோது, "அறை வெப்பத்தில் வைத்தாலும் கெடாதும்மா" என்றார் அதே பெண். இது பாதி உண்மை. சில ஊசிகளை 25 டிகிரிக்கு மிகாத இடத்தில் குறிப்பிட்ட காலம் வைக்கலாம் என்று மருந்தோடு வரும் குறிப்புத்தாளிலேயே அச்சிட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டி எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரம் கிடந்தது என்று கேட்டதற்கு அவரிடம் பதிலில்லை. அடுத்து, கூரியர்காரர்களைக் கேட்கச் சொன்னார்கள். கூரியர்காரர்கள் அனுப்பியவரைக் கேட்கச் சொன்னார்கள். பிறகு, விற்ற ஊசியைத் திரும்பப் பெறும் வழக்கமில்லை என்று ஒரு வரிச் செய்தி வந்தது. அதன்பின் என் அழைப்பை எவரும் எடுக்கவில்லை.

வீரியம் குறைந்த மருந்து பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும் என்றும், அதை நம்பித் தொடங்கினால் கருமுட்டைகள் வளராமல் அந்த மாதச் சிகிச்சையையே நிறுத்த நேரிடலாம் என்றும் மருத்துவர் விளக்கினார். மாற்று மருந்து வாங்கப் பணம் இல்லாததால் இம்மாதச் சிகிச்சை தள்ளிப்போயிற்று. "அடுத்த மாதம் செய்துகொள்ளலாமே" என்று அந்தக் கடைக்காரர்கள் எவ்வளவு எளிதாகச் சொன்னார்கள்! முட்டை இருப்பு குறைந்துகொண்டே வரும் பெண்ணுக்கு ஒரு மாதம் என்பது என்னவென்று மருந்து விற்பவர்களுக்குத் தெரியாதா? மூன்று மாதச் சம்பளம் போனதைவிட அந்தச் சொல்தான் என்னைச் சுடுகிறது.

விரிவாக எழுத இப்போது மனமில்லை. இவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் பார்த்து இடையில் அளவை மாற்றுவார்கள் என்பதால், எல்லா நாட்களுக்குமான ஊசிகளையும் ஒரே தடவையில் வாங்காதீர்கள். முடிந்தவரை மருத்துவமனை மருந்தகத்திலோ, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து உங்கள் கண்முன் எடுத்துத் தரும் கடையிலோ வாங்குங்கள். வீட்டுக்கு வரவழைத்தே ஆக வேண்டுமென்றால், கொண்டுவந்தவர் நிற்கும்போதே பெட்டியைத் திறந்து காணொளி எடுங்கள். சூடாக இருந்தாலும், மருந்து உறைந்திருந்தாலும், கையெழுத்திடாமல் திருப்பி அனுப்புங்கள்.