கல்லூரி மாறுவதா, இருக்கும் இடத்திலேயே தயாராவதா?

இரண்டாம் ஆண்டின் நடுவில் பல மாணவர்களுக்கு இந்தத் தவிப்பு வருகிறது: நல்ல வேலை வேண்டுமென்றால் வேறு கல்லூரிக்குப் போய்விட வேண்டுமோ? அவர்களிடம் நான் முதலில் கேட்பது, இங்கே உங்களுக்குக் குறைவது பாடமா, கல்லூரியின் பெயரா என்பதுதான்.

குறைவது பாடமென்றால் மாறுங்கள். விரும்பும் துறையே இல்லாத கல்லூரியில் ஆய்வகத்தையும் ஆசிரியரையும் தனி முயற்சியால் உண்டாக்கிவிட முடியாது. உரிமம் பெற்றுச் செய்யும் தொழிலுக்குப் படிக்கிறீர்கள், அந்தப் பட்டத்துக்கு அங்கீகாரம் இல்லையென்றால் தயங்கவே வேண்டாம்.

பெயருக்காக மட்டும் மாறுவதென்றால் கிரெடிட் கணக்கை, அதாவது பாடங்களை முடித்து நீங்கள் சேர்த்த அலகுகளைப் புதிய கல்லூரி எப்படி ஏற்கும் என்பதைப் பாருங்கள். முடித்த பாடத்தை முதன்மைப் பாடமாக ஏற்பது வேறு, விருப்பப் பாடமாக ஏற்பது வேறு. விருப்பப் பாடமாகச் சேர்த்துக்கொண்டால் அதே பாடத்தை மறுபடி படிக்க வேண்டிவரும். அதை முடித்தால்தான் அடுத்ததற்குள் நுழைய முடியும். ஒரு செமஸ்டர் இப்படித்தான் சத்தமில்லாமல் கரைகிறது. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய அமெரிக்க மாணவர்கள் சராசரியாக 43 சதவீத கிரெடிட்டுகளை இழந்ததாக அந்நாட்டு அரசின் பொறுப்புடைமை அலுவலகம் 2017-ல் மதிப்பிட்டது.

பலர் கணக்கில் சேர்க்காத இழப்பு இன்னொன்று உண்டு. இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் புதிய கல்லூரியில் உங்களை அறிந்த ஆசிரியர் ஒருவரும் இருக்க மாட்டார். பழைய இடத்திலோ, இரண்டு ஆண்டுகளாக உங்கள் உழைப்பைப் பார்த்தவர் பரிந்துரைக் கடிதத்தில் எழுத விவரம் வைத்திருப்பார்; ஆய்வுத் திட்டத்திலும் சேர்த்துக்கொள்வார். இருந்துவிடுவதிலும் சிரமம் உண்டு. பெயர் பெறாத கல்லூரியென்றால் ஆளெடுக்க நிறுவனங்கள் பெரும்பாலும் வளாகத்துக்கு வராது. நீங்களே முன்னாள் மாணவர்களைத் தேடிப்பிடித்து, செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டி, கதவுகளைத் தட்ட வேண்டும். அந்த உழைப்பு நேர்முகத் தேர்வில் கைகொடுக்கும் என்பதால் எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம்.

பட்டத்தை இங்கேயே முடித்து, முதுகலைக்கு வேறு இடம் போகும் வழியும் இருக்கிறது. பெயர்தான் குறையென்றால் அதுவே போதும். கிரெடிட் பேரம் அங்கே இல்லை.

மாறுவதென்று முடிவெடுத்தால், சேரும் துறையிடம் பாடவாரியாக எது எதற்கு ஈடாகும் என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் பாடத்திட்டங்களை முழுமையாகக் கொடுத்து, கட்டணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.