கோலிப்ரி: இணையம் எட்டாத ஆப்பிரிக்க ஊர்களுக்கு ஒரு பாடச் சர்வர்

கோலிப்ரி ஓர் இலவச மென்பொருள். சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றில் இதை ஏற்றி, பாட வீடியோ, பயிற்சிக் கணக்கு, கதைப் புத்தகம் எல்லாவற்றையும் அதிலேயே நிரப்பி வைத்துவிட வேண்டும். அதன்பின் அந்த அறையின் வைஃபையில் சேரும் எந்த டேப்லெட்டிலும் போனிலும் உலாவியைத் திறந்தாலே பாடம் ஓடும். வெளி இணையம் துளிகூட வேண்டாம். அமெரிக்காவின் சான் டியேகோவிலிருந்து இயங்கும் லேர்னிங் ஈக்வாலிட்டி என்ற லாப நோக்கமற்ற அமைப்பு இதை உருவாக்குகிறது. இலவச இணையப் பாடத் தளமான கான் அகாடமியின் பாடங்களை இணையமில்லாமல் பார்ப்பதற்காக 2012இல் அவர்கள் வெளியிட்ட கேஏ லைட்டுக்கு அடுத்த தலைமுறை இது. வடமேற்குக் கென்யாவில் துர்கானா மாவட்டத்தின் காகுமா அகதி முகாம் போன்ற இடங்களில், கோலிப்ரி பள்ளிகளில் பயன்பாட்டில் உள்ளது.

கென்யா, உகாண்டா, தான்சானியா, மலாவி பக்கம் ஓர் ஊர் நூலகத்துக்கோ, மகளிர் குழுவின் கூடத்துக்கோ, முகாம் பள்ளிக்கோ இதை அமைத்துத் தர நினைப்பவர்களும் அதற்குப் பணம் அனுப்புபவர்களும்தான் இந்த மதிப்பீட்டைப் படிக்க வேண்டியவர்கள். மென்பொருள் அருமையானது. அதைத் தயங்காமல் சொல்லலாம். ஆனால் இந்தத் திட்டங்கள் படுத்துவிடும்போது அதற்கு மென்பொருள் காரணமாக இருப்பது அபூர்வம். மின்சாரமும், கடிகாரமும், பாடத்தைப் பொறுக்கி எடுக்க ஆள் இல்லாததும்தான் காரணம்.

பாடத்தை ஊரிலேயே நிரப்பி வைக்கும் இந்த முறைக்கு நேர்மாறான பாதை ஒன்றும் இருந்தது. அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக இருந்தபோது 2004இல் முன்வைத்து, 2009இல் தொடங்கிய பான்-ஆப்பிரிக்க மின்வலைத் திட்டம் செயற்கைக்கோள் வழியே இந்தியப் பல்கலைக்கழக வகுப்புகளை ஆப்பிரிக்க நகரங்களுக்குக் கொண்டுபோனது. பட்டப்படிப்புக்கு அது பொருத்தம். டிஷ், தொழில்நுட்பர், குறித்த நேரத்தில் மின்சாரம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் தலைநகர மையத்தில் அது நடக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பின்னம் கற்க வேண்டிய கிராமத்தில், நேரலையை நம்பும் எந்த ஏற்பாடும் முதல் மழைக்காலத்தைத் தாண்டுவது கடினம்.

பாடங்களைச் சேர்த்து வைத்து மற்றக் கருவிகளுக்குப் பரிமாறும் கம்ப்யூட்டராக, அதாவது சர்வராக, வைக்கப் பழைய லேப்டாப் போதும். அதன் பேட்டரியே யூபிஎஸ் ஆகிவிடுவதால் மின்தடை அடிக்கடி வரும் ஊரில் அதுவே சிறந்த தேர்வு. சோலார் மட்டுமே உள்ள இடத்தில் ராஸ்பெர்ரி பை 4 என்ற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர் நல்லது. மின்சாரம் குறைவாகக் குடிக்கும், தூசியில் அடைத்துக்கொள்ள விசிறி கிடையாது. ஆனால் பை-யோடு வரும் மூன்று தொல்லைகளை வாங்கும்போதே தீர்த்துவிட வேண்டும்.

முதல் தொல்லை வோல்டேஜ். 5 வோல்ட், 3 ஆம்பியர் தர வேண்டிய இடத்தில் சந்தையில் கிடைக்கும் போன் சார்ஜரையும் மெல்லிய கேபிளையும் மாட்டுவார்கள். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை எச்சரிக்கை காட்டும், வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த நிலையில் எழுதிக்கொண்டிருக்கும் மெமரி கார்டு பழுதாகலாம். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 வோல்ட்டாக இறக்கும் கன்வெர்ட்டரை பை-க்குப் பக்கத்திலேயே வைத்து, 5 வோல்ட் கம்பியை ஓர் அடிக்குள் முடித்துவிட வேண்டும். நீளம் தேவையென்றால் அது 12 வோல்ட் பக்கம் இருக்கட்டும். இயங்குதளம் மட்டும் மெமரி கார்டில் இருந்து, பாடங்களும், மாணவர் பதிவுகள் இருக்கும் தரவுத்தளமும் யூ.எஸ்.பி.யில் மாட்டும் எஸ்எஸ்டி டிஸ்க்கில் இருந்தால் ஆயுள் பல மடங்கு கூடும்.

இரண்டாவது, கடிகாரம். பலரும் கவனிக்காதது இதைத்தான். பை 4 வரையிலான பலகைகளில் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. இணையம் இருந்தால் நேரத்தை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். இணையம் இல்லாவிட்டால், அணைக்கப்பட்ட நேரத்தை நினைவில் வைத்து, மறுநாள் ஆன் செய்யும்போது அதே நேரத்திலிருந்து தொடரும். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் அணைந்து கிடக்கும் சர்வர் மூன்று நாளில் இரண்டு நாள் பின்தங்கிவிடும். அப்புறம் ஆசிரியரின் திரையில், நேற்று எழுதிய தேர்வு போன மாதத் தேதியில் நிற்கும். யார் எப்போது படித்தார்கள் என்ற பதிவே பயனற்றுப் போகும். தீர்வு மலிவானது. டிஎஸ்3231 கடிகாரப் பலகை ஒன்றை வாங்கி, மின்சாரம், எர்த், டேட்டா, கிளாக் என்று நான்கு கம்பியை பை-யின் பின்களில் மாட்டி, அமைப்புக் கோப்பில் அதற்கான ஒரு வரியைச் சேர்த்து, அணைந்த நேரத்திலிருந்து தொடர வைக்கும் போலிக் கடிகாரச் சேவை இருந்தால் அதை நீக்க வேண்டும். மின்சாரத்தை 3.3 வோல்ட் பின்னிலிருந்துதான் எடுக்க வேண்டும். 5 வோல்ட்டில் கொடுத்தால் பை-யின் பின்களுக்கு ஆபத்து. மேலும் மலிவான பலகைகளில் இருக்கும் சார்ஜ் சர்க்யூட், சார்ஜ் ஏற்றக் கூடாத சிஆர்2032 பட்டன் பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றப் பார்க்கும்.

மூன்றாவது, அணைக்கும் முறை. பிளக்கைப் பிடுங்கினால் தரவுத்தளம் கெடலாம். அணைப்பதற்கென்று ஒரு பொத்தானை வெளியே பொருத்திவிட வேண்டும். அந்தப் பொத்தானுக்கு வழக்கமாக ஒதுக்கப்படும் மூன்றாம் எண் ஜிபிஐஓ பின்னைத்தான் (வெளிக் கருவிகளை இணைக்கும் பை-யின் முனைகளில் ஒன்று) கடிகாரப் பலகையும் பயன்படுத்தும். இரண்டும் மோதாமல் பொத்தானுக்கு வேறு பின் கொடுக்க வேண்டும். துர்கானா போன்ற வெக்கை பூமியில் தகரக் கூரைக்கு நேர் கீழே பெட்டியை ஆணியடிக்கக் கூடாது. 80 டிகிரியைத் தொட்டால் பை தானாகவே வேகத்தைக் குறைக்கும், வீடியோ திக்கும்.

மின்சாரக் கணக்கைத் தாளில் போடாமல் பேனல் வாங்கக் கூடாது. 7 அங்குல டேப்லெட்டின் பேட்டரி 3,500 மில்லி ஆம்பியர்-மணி என்றால் ஏறத்தாழ 13 வாட்-மணி. 20 டேப்லெட் தினமும் ஒரு முறை முழுக்கத் தீர்ந்தால் 260. பை 6 வாட் வீதம் 8 மணி நேரத்துக்கு 48, ரவுட்டர் 8 வாட் வீதம் 64. கூட்டினால் 372. கம்பியிலும் சார்ஜரிலும் வீணாவதற்குக் கால் பங்கு சேர்த்தால் 465. நாளுக்கு நாலரை மணி நேர முழு வெயில், 30 சதவீத இழப்பு என்று வைத்தால் 150 வாட் பேனல் 470 தரும். அது இழுத்துப் பிடித்த கணக்கு. மேகமூட்டத்துக்கு இடம்விட்டு 200 வாட்டாக வாங்குவதே நல்லது. பேட்டரி, ஈய அமில வகையானால் 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி. அதில் பாதிக்கு மேல் தீர விடக் கூடாது. இன்வெர்ட்டர் வழியாக டேப்லெட்டுக்கு சார்ஜ் ஏற்றுவது வீண். இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே பேட்டரியைக் குடிக்கும். காரில் மாட்டும் வகை 12 வோல்ட் யூ.எஸ்.பி. சார்ஜர்களை ஃப்யூஸோடு மாட்டினால் போதும்.

வைஃபைக்கு பை-யின் உள்ளமைந்த ஆன்டெனாவை நம்ப வேண்டாம். பத்துப் பன்னிரண்டு கருவி வரை தாங்கும். முழு வகுப்பும் ஒரே நேரத்தில் வீடியோ திறந்தால் திணறும். தனி ரவுட்டரை நெட்வொர்க் கேபிளில் இணைத்து, அதில் கருவிகளைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் அமைப்பு இருந்தால் அணைத்துவிட வேண்டும். அது ஓடிக்கொண்டிருந்தால் ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு கோலிப்ரிகள் ஒன்றையொன்று காணாது, பாடப் பரிமாற்றம் நடக்காது. இன்னொரு சிக்கல் போன்களில் வரும். இந்த வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டுகொண்டு ஆண்ட்ராய்டு சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும், பக்கம் திறக்காது. இணைப்பிலேயே இருக்கவா என்று கேட்கும்போது ஆம் என்று கொடுக்கவும், வகுப்பு நேரத்தில் டேட்டாவை அணைக்கவும் பிள்ளைகளுக்கு முதல் நாளே காட்டிவிட வேண்டும்.

இனி பாடம். கோலிப்ரியின் நூலகத்தில் கான் அகாடமி, பெட் (PhET) என்ற அறிவியல் சிமுலேஷன்கள், தென்னாப்பிரிக்காவின் சைட் அமைப்பு நடத்தும் ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக் கதைகள், தான்சானியாவின் தார் எஸ் சலாமில் தயாராகும் உபோங்கோ கிட்ஸ் கார்ட்டூன் பாடங்கள் என்று நிறையச் சானல்கள் உண்டு. அதைக் கண்டு மொத்தத்தையும் இறக்குபவர்களே அதிகம். கான் அகாடமி ஆங்கிலச் சானல் மட்டுமே பல பத்து ஜிபி போகும். டிஸ்க் நிறைந்தபின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கான தலைப்புகளுக்கு நடுவே தொலைந்துபோவார்கள். இறக்கும் திரையில் கோப்புறைக்குக் கோப்புறை அளவு காட்டும். தேவையானதை மட்டும் டிக் செய்யலாம். ஒரு பருவத்துக்கு ஒரு வகுப்புக்கு வேண்டிய பாடம் சில ஜிபிக்குள் அடங்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் பாடத்திட்டப் பொருத்தம். கென்யா எட்டாண்டு ஆரம்பப் பள்ளி, நான்காண்டு உயர்நிலை, நான்காண்டு பல்கலைக்கழகம் என்ற 8-4-4 முறையை விட்டுத் திறன்வழிப் பாடத்திட்டத்துக்கு மாறியிருக்கிறது. கான் அகாடமியின் வரிசை அமெரிக்க வகுப்புகளுக்கானது, கணக்குகளில் டாலரும் காலன் அளவும் வரும். இதைச் சரிசெய்யவே கோலிப்ரி ஸ்டுடியோ என்ற தளம் இருக்கிறது. இணையம் உள்ள நகரத்தில் உட்கார்ந்து, உள்ளூர் ஆசிரியர் ஒருவரோடு பாடப்புத்தகத்தின் பொருளடக்கத்தைப் பக்கத்தில் வைத்து, அதே வரிசையில் கோப்புறைகள் போட்டு, பொருந்தும் வீடியோவையும் பயிற்சியையும் இழுத்து வைத்துச் சொந்தச் சானல் உருவாக்கலாம். வெளியிட்டதும் அந்தச் சானலை அடையாளம் காட்டும் டோக்கன் என்ற குறியீடு கிடைக்கும். அதை வைத்து நகரத்துக் கம்ப்யூட்டரில் இறக்கி, யூ.எஸ்.பி. டிஸ்க்குக்கு ஏற்றி, ஊரிலுள்ள சர்வரில் சேர்க்க வேண்டும். டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் வகையில் ஃபார்மேட் செய்திருக்க வேண்டும். பழைய ஃபேட்32 வகை 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. இந்த வேலைக்கு நேரமும் கூலியும் ஒதுக்காத திட்டத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. ஐந்து டேப்லெட் குறைந்தாலும் பரவாயில்லை, இது நடக்க வேண்டும்.

மொழியும் இதே அளவு முக்கியம். தான்சானியாவில் ஆரம்பப் பள்ளி சுவாஹிலியில் நடக்கும், உயர்நிலையில் திடீரென்று எல்லாம் ஆங்கிலம். அந்த வாசலில்தான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். ஒரே பாடத்துக்குச் சுவாஹிலி வீடியோவை முதலிலும் ஆங்கிலப் பயிற்சியை அடுத்தும் வைத்தால் அந்த மாற்றம் இலகுவாகும். கோலிப்ரியின் திரையையே சுவாஹிலி, பிரெஞ்சு, அரபி, போர்த்துகீசு ஆகியவற்றில் வைத்துக்கொள்ளலாம்.

ஆசிரியருக்கான பகுதிதான் இந்த மென்பொருளின் உயிர். பாடம், தேர்வு இரண்டையும் ஆசிரியர் தேர்ந்து வகுப்புக்கு ஒதுக்கலாம். பயிற்சியில் தடுமாறும் பிள்ளைகள் உதவி தேவை என்ற குறியோடு திரையில் தெரிவார்கள். எந்தக் கேள்வியில் அதிகம் பேர் சறுக்கினார்கள் என்றும் காட்டும். மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் பாதி வகுப்பு ஏழில் இரண்டு என்று எழுதியிருப்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். மறுநாள் கரும்பலகையில் எங்கே தொடங்குவது என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டாம். மாணவர் பெயர்களை ஒரு விரிதாளிலிருந்து மொத்தமாக ஏற்றலாம். சின்னப் பிள்ளைகளுக்கு பாஸ்வேர்டு இல்லாமல் நுழையும் வசதியை இயக்கிவிடுவது நலம். இல்லாவிட்டால் வகுப்பின் முதல் கால் மணி நேரம் மறந்த பாஸ்வேர்டுக்கே போகும். டேப்லெட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மையங்களுக்குக் கற்பவர் மட்டும் பயன்படுத்தும் முறை ஒன்று உண்டு. பிள்ளை வீட்டில் படித்தது, மறுபடி மையத்தின் வைஃபைக்கு வந்ததும் சர்வரில் தானே சேர்ந்துவிடும்.

பெரியவர்களுக்கு ஆயத்தமாகக் கிடைக்கும் பாடம் குறைவு. இது கோலிப்ரியின் உண்மையான குறை. ஆனால் சொந்த வீடியோ, ஒலிப்பதிவு, பிடிஎஃப் எல்லாவற்றையும் ஸ்டுடியோவில் ஏற்றலாம். 2016இல் ஆப்பிரிக்காவில் தென்பட்டு, 2018இல் இந்தியாவுக்கும் வந்த அதே படைப்புழுவை எடுத்துக்கொள்வோம். மக்காச்சோளக் குருத்துக்குள் எப்படிப் பார்ப்பது, முட்டைக் குவியலை எப்படி நசுக்குவது என்று ஊர் விவசாயி ஒருவரே தன் மொழியில் சொல்லும் நான்கு நிமிட வீடியோ, வெளியூர் நிபுணரின் ஒரு மணி நேரப் பேச்சைவிடப் பயன்படும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ சுருக்கும் மென்பொருளில் 480பி அளவுக்குச் சுருக்கினால் நிமிடத்துக்கு 5 எம்பிக்குள் வரும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகத் தலைப்புப் படத்தைக் கவனித்து வைக்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் தொடுவார்கள்.

வேறு என்ன இருக்கிறது என்றால், இதேபோல் இணையமில்லாமல் பாடங்களையும் தளங்களையும் தரும் ரேச்சல், இன்டர்நெட் இன் எ பாக்ஸ் என்ற இரண்டும் உண்டு. விக்கிப்பீடியாவைப் புரட்டும் நூலகத்துக்கு அவை போதும். மாணவர் முன்னேற்றத்தைப் பின்தொடர வேண்டுமென்றால் கோலிப்ரிதான். ரேச்சல் பெட்டிகளிலும் கோலிப்ரியைச் சேர்த்து ஓட்ட முடியும். தொடுதிரை போனே இல்லாத வீடுகளுக்கு இவை எதுவும் உதவாது. அங்கே வானொலிப் பாடமும் குறுஞ்செய்திப் பாடமும்தான் இன்றும் சரியான கருவி.

பராமரிப்புக்கு உள்ளூரில் இரண்டு பேரைப் பழக்க வேண்டும். ஒருவர் ஊரைவிட்டு வேலைக்குப் போனால் மற்றவர் இருப்பார். அவர்கள் வாரம் ஒருமுறை செய்ய வேண்டியது, கோலிப்ரியின் தரவுத்தளத்தை பென்டிரைவில் நகலெடுப்பது. பாடங்களை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம், பிள்ளைகளின் பதிவை ஏற்ற முடியாது. தலைமை நிர்வாகியின் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி உறையில் போட்டுத் தலைமையாசிரியரிடம் கொடுத்து வைக்கவும். தொலைந்தால் கட்டளை வரியில் நுழைந்து புதிய நிர்வாகியை உருவாக்க வேண்டும், அதைச் செய்யத் தெரிந்தவர் அடுத்த நகரத்தில்தான் இருப்பார். புதிய பதிப்பு வந்தாலும் பருவத்தின் நடுவில் மேம்படுத்த வேண்டாம். நகலெடுத்துவிட்டு, விடுமுறையில் செய்யவும். அப்போது எல்லா டேப்லெட்டின் உலாவியையும் சேர்த்துப் புதுப்பிக்கவும். பழைய உலாவியில் கோலிப்ரி சரியாகத் திறக்காமல் போகலாம்.